கடலடியிலிருந்து ஒரு தட்டொலி

1

2023ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை, டைட்டானிக் கப்பலின் சிதைவுகளைக் காண்பதற்காக ஐந்து பேருடன் வட அட்லாண்டிக் கடலில் இறங்கிய ‘டைட்டன்’ என்னும் சிறு மூழ்கிக்கலம், இரண்டு மணி நேரத்திற்குள் தன் தாய்க்கப்பலுடன் தொடர்பை இழந்தது. அடுத்த நான்கு நாட்கள் உலகம் ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தது. கலத்தினுள் 96 மணி நேரத்திற்கான பிராணவாயு இருக்கிறது என்று சொல்லப்பட்டது. எண்பது மணி, அறுபது மணி, நாற்பது மணி என்று அந்த எண் இறங்க இறங்க, தொலைக்காட்சித் திரைகளிலும் இணையத்திலும் கூட்டம் பெருகிற்று.

இச்செய்தியில் மனத்தை உறுத்துவது மூன்றாவது நாள் இரவு பரவிய ஒரு தகவல்தான். தேடுதலில் ஈடுபட்ட கனடிய விமானம் கடலில் வீசிய ஒலிமிதவைகள், யாரோ தட்டுவது போன்ற ஓசைகளைப் பதிவு செய்திருந்தன. உடனே காட்சி மாறியது. இருட்டில், குளிரில், உலோகச் சுவரைத் தட்டிக்கொண்டு ஐந்து மனிதர்கள் காத்திருக்கிறார்கள் என்ற எண்ணம் கோடிக்கணக்கானவர் நெஞ்சில் பதிந்தது. நம்பியவர்கள் பிரார்த்தித்தார்கள். நம்பாதவர்கள் கேலி செய்தார்கள். ஆனால் இரு சாராருமே காது கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஆழ்கடலில் தொலைந்தவர்களைத் தேடுவது என்பது பெரும்பாலும் கேட்பதுதான். சூரிய ஒளி கடலில் சில நூறு மீட்டர் இறங்குவதற்குள் மடிந்துபோகிறது. வானொலி அலைகளும் உப்புநீரில் எடுபடுவதில்லை. ஒலி மட்டும் நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் விரைவில், காற்றில் செல்வதைப்போல் நான்கு மடங்குக்கும் அதிகமான வேகத்தில், பெருந்தொலைவு செல்லும். ஆகவே, நீர்மூழ்கி விபத்துகளின் வரலாறு ஒரு வகையில் ஓசைகளின் வரலாறு. கரையில் இருந்தவர்கள் எந்த ஓசையைக் கேட்டார்கள், எதைக் கேட்காமல் விட்டார்கள், கேட்டபின் யாரை நோக்கித் திரும்பினார்கள் என்ற வரலாறு அது. அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால்தான் 2023இன் நான்கு நாட்கள் நமக்குப் பிடிபடும்.

2

1927ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் தேதி, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையில் ப்ராவிடன்ஸ்டவுன் அருகே, எஸ்-4 என்னும் கடற்படை நீர்மூழ்கி மேலெழுந்தது. அதே இடத்தில் மதுக்கடத்தலைத் தடுக்க ரோந்து சென்றுகொண்டிருந்த கடலோரக் காவல்படைக் கப்பலான பால்டிங் அதன்மீது மோதியது. நாற்பது பேருடன் எஸ்-4 மூழ்கிற்று. ஆழம் அதிகமில்லை, முப்பது மீட்டருக்குச் சற்று மேல்.

மறுநாள் கீழே இறங்கிய முக்குளிப்பவர் உடலோட்டின் மேல் சுத்தியலால் தட்டினார். உள்ளிருந்து பதில் தட்டு வந்தது. முன்புற டார்ப்பீடோ அறையில் ஆறு பேர் உயிரோடிருந்தார்கள். மோர்ஸ் குறியில் உரையாடல் தொடங்கியது. காற்று கெட்டுக்கொண்டிருக்கிறது என்றார்கள். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார்கள். நம்பிக்கை ஏதும் உண்டா என்றும் கேட்டார்கள். உண்டு என்றே மேலிருந்து பதில் போயிற்று. ஆனால் புயல் எழுந்தது. முக்குளிப்பவர்கள் இறங்க இயலவில்லை. மூன்றாம் நாள் ஓசை நின்றது.

இந்த உரையாடல் அன்றன்றே செய்தித்தாள்களில் வந்ததுதான் எஸ்-4இன் கதையை மற்ற விபத்துகளிலிருந்து பிரிக்கிறது. மக்கள் அந்தத் தட்டொலியைத் தம் வீட்டு வாசலில் கேட்டது போல உணர்ந்தார்கள். எப்படிக் காப்பாற்றலாம் என்று யோசனை சொல்லும் கடிதங்கள் கடற்படைக்குக் குவிந்தன. அவற்றில் பலவும் நடைமுறைக்கு ஒவ்வாதவை. எனினும் அவற்றின் அடியிலிருந்த கேள்வி ஒன்றே: முப்பது மீட்டர் ஆழத்தில் உயிரோடு இருப்பவனோடு பேச முடிகிற உங்களால், அவனைத் தூக்கி எடுக்க ஏன் முடியவில்லை?

அந்தக் கேள்விக்குப் பதில் ஏற்கெனவே ஒரு கோப்பில் இருந்தது என்பதுதான் வேதனை. 1925இல் எஸ்-51 என்னும் நீர்மூழ்கி மூழ்கியபோது, அதைப் போன்றதொரு கலத்தின் தலைவராக இருந்த சார்லஸ் மாம்சன், கவிழ்த்த மணியின் வடிவில் ஒரு மீட்புக்கூண்டைக் கற்பனை செய்து, வரைபடத்தோடு மேலிடத்துக்கு அனுப்பியிருந்தார். அது கோப்புகளுக்கிடையே முடங்கிக் கிடந்தது. எஸ்-4க்குப் பிறகே அது தூசி தட்டி எடுக்கப்பட்டது. 1928இல் தூக்கி நிறுத்தப்பட்ட எஸ்-4 கலமே மீட்புக் கருவிகளைச் சோதிக்கும் கலமாகவும் ஆயிற்று. மாம்சன் தொடங்கியதை ஆலன் மக்கேன் செப்பனிட்டு முடித்தார். அந்தக் கூண்டு அவர் பெயராலேயே வழங்குகிறது.

1939 மே 23ஆம் தேதி ‘ஸ்குவாலஸ்’ என்ற நீர்மூழ்கி நியூ ஹாம்ப்ஷர் கரைக்கு அப்பால் 74 மீட்டர் ஆழத்தில் விழுந்தது. அதில் இருந்தவர்கள் 59 பேர். பின்பகுதியில் நீர் புகுந்து 26 பேர் உடனே மாண்டனர். எஞ்சிய 33 பேர் சுத்தியலால் தட்டினார்கள். இம்முறை மேலே மாம்சன் இருந்தார், மீட்புக்கூண்டும் இருந்தது. நான்கு நடைகளில் அந்த 33 பேரும் மேலே கொண்டுவரப்பட்டார்கள். 1927இல் பதில் கிடைக்காத தட்டொலிக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வந்த பதில் என்று இதைச் சொல்லலாம்.

3

எல்லாத் தட்டொலிகளுக்கும் இப்படிப் பதில் கிடைத்துவிடவில்லை. ஸ்குவாலஸ் மூழ்கி ஒன்பதே நாட்களில், 1939 ஜூன் 1ஆம் தேதி, பிரிட்டனின் லிவர்பூல் விரிகுடாவில் ‘தீட்டிஸ்’ என்னும் புதிய நீர்மூழ்கி தன் சோதனை ஓட்டத்தில் மூழ்கியது. கப்பல்கட்டும் நிறுவனத்தின் தொழிலாளர்களும் பொறியாளர்களும் உடன் ஏறியிருந்தமையால் உள்ளே 103 பேர் இருந்தனர், வழக்கத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. டார்ப்பீடோக் குழாயில் நீர் இருக்கிறதா என்று பார்ப்பதற்கான சிறு துளை வர்ணப் பூச்சால் அடைபட்டிருந்தது. நீர் இல்லை என்று நம்பி உட்கதவைத் திறந்தார்கள். கடல் உள்ளே வந்தது.

மறுநாள் காலை, தேடி வந்தவர்கள் அதன் வாலை நீருக்கு மேலேயே கண்டார்கள். கடலடியில் மூக்குக் குத்தி நின்ற கலத்தின் பின்பகுதி வெளியே துருத்திக்கொண்டிருந்தது. எட்டித் தொட்டுவிடும் தூரத்தில் நூறு உயிர்கள்! தப்பும் அறையின் வழியே நான்கு பேர் வெளியேறினர். 99 பேர், பெரும்பாலும் கரியமிலவாயுவால், மடிந்தனர். பர்க்கன்ஹெட்டில் கப்பல்கட்டும் தளத்தின் வாயிலில் மனைவியரும் தாய்மாரும் நின்றுகொண்டிருந்தனர். நெய்தல் திணைக்கு இரங்கலை உரிப்பொருளாக வகுத்த மொழியில் வாசித்துப் பழகியவர்களுக்கு அந்த வாயிலின் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

வாலில் ஒரு துளை போட்டிருக்கலாகாதா என்று நாடு முழுவதும் கேட்டது. விசாரணை நடந்தது. குற்றவாளி என்று எவரும் சுட்டப்படவில்லை. குடும்பத்தினர் நீதிமன்றம் சென்று, கலத்தின் வரைபடங்களையும் ஒப்பந்தங்களையும் கேட்டனர். தருவது நாட்டின் நலனுக்குக் கேடு என்றது கடற்படை அமைச்சு. 1942இல் பிரபுக்கள் சபை அதை ஏற்றது. அமைச்சர் மறுத்துவிட்டால் நீதிமன்றம் அதற்குமேல் கேட்கலாகாது என்பது சட்டமாயிற்று. 1968இல் வேறொரு வழக்கில்தான் அந்நிலை மாறியது. வாயிலில் நின்ற பெண்களின் கேள்வி, கால் நூற்றாண்டுக்கும் மேலாகச் சட்டப் புத்தகங்களுக்குள் மூச்சடைத்துக் கிடந்தது என்றே சொல்ல வேண்டும்.

4

இதே மூச்சடைப்பை 2000ஆம் ஆண்டில் ரஷ்யாவில் காண்கிறோம். ஆகஸ்ட் 12ஆம் தேதி பேரண்ட்ஸ் கடலில் ‘கூர்ஸ்க்’ நீர்மூழ்கியில் இரண்டு வெடிப்புகள் நிகழ்ந்தன. இரண்டுக்கும் இடையே இரண்டே கால் நிமிடம். நார்வேயின் நிலநடுக்கப் பதிவு நிலையங்கள் இரண்டையும் குறித்துக்கொண்டன. ஓசை எல்லை தாண்டிப் போய்விட்டது. ஆனால் உண்மையை எல்லை தாண்ட விடவில்லை. 14ஆம் தேதி வெளிவந்த முதல் அறிவிப்பு விபத்தின் நாளையே மாற்றிச் சொன்னது. தட்டொலி மூலம் தொடர்பு இருக்கிறது, நிலைமை கட்டுக்குள் இருக்கிறது என்றார்கள் அதிகாரிகள். வெளிநாட்டு உதவியை ஏற்க நாட்கள் கடந்தன. உள்ளே யார் யார் இருந்தார்கள் என்ற பட்டியலைக்கூட அரசு வெளியிடாமையால், ஒரு செய்தித்தாள் 18,000 ரூபிள் கொடுத்து அதை ஓர் அதிகாரியிடமிருந்து வாங்கி அச்சிட்டது. பெயர்களை அறியக் காசு கொடுக்க வேண்டியிருந்தது!

ஆகஸ்ட் 21ஆம் தேதி நார்வேஜிய முக்குளிப்பவர்கள் கதவைத் திறந்தபோது உள்ளே நீர் நிறைந்திருந்தது. 118 பேரும் இறந்திருந்தனர். ஒன்பதாம் பகுதியில் 23 பேர் வெடிப்புக்குப் பின்னும் உயிரோடிருந்ததை, கேப்டன்-லெப்டினன்ட் திமித்ரி கலேஸ்னிகோவ் இருட்டில் எழுதிய குறிப்பு பின்னர் காட்டியது. அவர்களும் சில மணி நேரத்திலேயே மாண்டிருக்க வேண்டும் என்று விசாரணை முடிவு செய்தது. அப்படியானால் நாட்கணக்கில் நாடு கேட்டதாக நம்பிய தட்டொலி யாருடையது? செப்டம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்றில், நீர்மூழ்கிக்கு என்ன ஆயிற்று என்று கேட்கப்பட்டபோது, “அது மூழ்கிவிட்டது” என்று மெல்லிய புன்னகையோடு சொன்னார் அதிபர் பூட்டின். அந்த இரண்டு சொற்களை ரஷ்யர்கள் இன்றும் மறக்கவில்லை.

ஆனாலும் அந்தக் கோபம் வீண்போகவில்லை. 2003இல் நாடுகளுக்கிடையே நீர்மூழ்கி மீட்பை ஒருங்கிணைக்கும் அலுவலகம் ஒன்று நிறுவப்பட்டது. 2005 ஆகஸ்டில் கம்சாத்கா கரையருகே ஏழு பேருடன் ஒரு ரஷ்யச் சிறுநீர்மூழ்கி வலைகளில் சிக்கிக்கொண்டபோது, மாஸ்கோ விரைவாகவே வெளியுதவி கேட்டது. பிரிட்டனிலிருந்து பறந்து வந்த ஆளில்லா ஊர்தி வலைகளை அறுத்தது. ஏழு பேரும் பிழைத்தனர். எஸ்-4க்கு ஸ்குவாலஸ் எப்படியோ, கூர்ஸ்க்குக்கு இந்த எழுவர் அப்படி. தேடுதல் முடிந்த பிறகும் கேட்பதை நிறுத்தாத ஒரு மக்கள் திரளே அவர்களை மீட்டது எனலாம்.

5

இந்த வரிசையில் டைட்டனுக்கு மிக நெருங்கிய முன்னோடி அர்ஜென்டினாவின் ‘சான் ஹுவான்’. 2017 நவம்பர் 15ஆம் தேதி 44 பேருடன் அது காணாமற்போயிற்று. அங்கும் பிராணவாயுக் கணக்கு, ஏழு நாட்கள். அங்கும் செயற்கைக்கோள் அழைப்புகள் வந்ததாக ஒரு நம்பிக்கை, பிறகு தட்டொலி கேட்டதாக ஒரு நம்பிக்கை. அழைப்புகள் அந்தக் கலத்தினுடையவை அல்ல. தட்டொலி என்று எண்ணியதும் கடல்வாழ் உயிரினங்களின் ஓசை என்று கண்டார்கள். மெய்யான ஓசை வேறொன்று. அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க அட்லாண்டிக்கிலும் இந்தியப் பெருங்கடலிலும் வைக்கப்பட்ட நீரொலி நிலையங்கள், கலம் மறைந்த அன்றே வெடிப்பு போன்ற ஓர் ஒலியைப் பதிவு செய்திருந்தன. அது மார் டெல் பிளாட்டா தளத்தில் காத்திருந்த குடும்பங்களுக்குச் சொல்லப்பட்டபோது ஒரு வாரம் கடந்துவிட்டது. ஓராண்டு கழித்து 907 மீட்டர் ஆழத்தில் கலத்தின் சிதைவு கண்டெடுக்கப்பட்டது.

2023இல் இதுவே திரும்ப நடந்தது. ஜூன் 22ஆம் தேதி, ஆளில்லா ஊர்தி ஒன்று டைட்டானிக்கின் முன்பகுதியிலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் தள்ளி டைட்டனின் சிதறல்களைக் கண்டது. கலம் நீரின் அழுத்தத்தால் உள்நோக்கி நொறுங்கிவிட்டிருந்தது. அன்றே இன்னொரு செய்தியும் வெளிவந்தது. தொடர்பு அறுந்த ஞாயிற்றுக்கிழமையே, அமெரிக்கக் கடற்படையின் நீரொலிக் கருவிகள் அத்தகைய நொறுங்கலுக்கு ஒத்த ஓர் ஓசையைக் கேட்டிருந்தன. தேடுதலை நடத்தியவர்களுக்கும் அது தெரிவிக்கப்பட்டிருந்தது. அது உறுதியான சான்று அல்ல என்பதால் தேடுதல் தொடர்ந்தது. அதில் தவறு காண இயலாது. உயிர் இருக்கலாம் என்ற ஐயத்தின் பலனைத் தொலைந்தவனுக்குத் தருவதே கடலின் பழைய அறம். ஆனால் உலகம் 96லிருந்து பூஜ்யம்வரை எண்ணிய எண்களுக்குப் பின்னே எண்ணுவதற்கு ஏதுமே இருக்கவில்லை. தட்டொலி அவர்களுடையதல்ல.

6

இனி அந்தக் கேலியைப் பற்றிப் பேசலாம். தேடுதல் நடந்துகொண்டிருக்கும்போதே நகைச்சுவைப் படங்களும் துணுக்குகளும் பெருகின. ஆளுக்கு 2,50,000 டாலர் கட்டணம், உள்ளே கோடீசுவரர்கள், கலத்தைச் செலுத்துவதற்கு விளையாட்டுக் கைப்பிடி! 1927இலும் 2000த்திலும் அழுத உலகம் 2023இல் சிரித்ததைக் கண்டு பலர் மனிதம் செத்துவிட்டது என்று எழுதினார்கள். அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியுமா?

அதே ஜூன் 14ஆம் தேதி, கிரேக்க நாட்டின் பைலோஸ் கரைக்கு அப்பால், லிபியாவிலிருந்து புறப்பட்ட ‘அத்ரியானா’ என்ற மீன்பிடிக் கலம் கவிழ்ந்தது. அதில் 750 பேர் வரை இருந்திருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. பிழைத்தவர்கள் 104 பேர். அந்தப் படகைத் தேட வேண்டியிருக்கவில்லை. முந்தைய நாளே விமானம் அதைப் பார்த்தது. காவல்படை மேலிருந்து படம் எடுத்தது. தளம் முழுக்க நெருக்கியடித்து நின்ற மனிதர்கள் அப்படத்தில் தெளிவாகத் தெரிகிறார்கள். பாகிஸ்தானியர் பலர் அதில் மாண்டமையால், ஜூன் 19ஆம் தேதியைப் பாகிஸ்தான் துக்க நாளாக அறிவித்தது. அதே நாட்களில்தான் பாகிஸ்தானின் பெருஞ்செல்வக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு தந்தையும் அவருடைய 19 வயது மகனும் டைட்டனில் இருந்தார்கள் என்ற செய்தி உலகைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரே நாடு, ஒரே வாரம், இரண்டு கடல்கள். ஒன்றைத் தேடக் கப்பல்களும் விமானங்களும் ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்தன. மற்றதைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். கேலி செய்தவர்களில் பலர் இந்தக் கணக்கைத்தான் கேட்டார்கள். அது நியாயமான கணக்கு.

ஆனால் கேலி அந்தக் கணக்கை எங்கும் கொண்டு சேர்க்கவில்லை. விளையாட்டுக் கைப்பிடியைப் பார்த்துச் சிரித்தவர்களில் பலர், அமெரிக்கக் கடற்படையின் நவீன நீர்மூழ்கிகளிலும் அத்தகைய கைப்பிடிகள் உண்டென்பதை அறியார். பழுது கையில் இல்லை, உடலில் இருந்தது. 3,800 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் நாம் வாழும் காற்றின் அழுத்தத்தைப் போல் சுமார் 380 மடங்கு. அதைத் தாங்க உலோகக் கோளத்தை நாடாமல், கார்பன் இழைகளால் ஆன உருளையை இரு டைட்டானிய மூடிகளுக்கிடையே பொருத்தியிருந்தார் ஓஷன்கேட் நிறுவனத்தின் தலைவர் ஸ்டாக்டன் ரஷ். சுயேச்சையான அமைப்பு எதனிடமும் அவர் தரச்சான்று பெறவில்லை. தன் கலத்தைத் தானே ஓட்டி, அதிலேயே மாண்டவர்களுள் அவரும் ஒருவர்.

மெய்யான தட்டொலிகள் முன்னரே கேட்டிருந்தன. 2018இல் நிறுவனத்தின் கடல் நடவடிக்கை இயக்குநர் டேவிட் லாக்ரிட்ஜ், உடலோட்டின் தரம் குறித்து எழுத்தில் எச்சரித்தார். அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அதே ஆண்டு, மூழ்கிக்கலத் துறையைச் சேர்ந்த 30க்கும் மேற்பட்டோர் இந்தப் பரிசோதனை பேரழிவில் முடியக்கூடும் என்று ரஷ்ஷுக்குக் கடிதம் வரைந்தனர். 2022 ஜூலையில், எண்பதாம் முழுக்கை முடித்து மேலே வரும்போது, கலமே ஒரு பெரும் ஓசையை எழுப்பிற்று. இழை அடுக்குகள் பிரிந்துகொண்டிருந்தன. உள்ளே பொருத்தியிருந்த உணர்விகள் அதைப் பதிவும் செய்தன. அந்தப் பதிவை உரியவாறு ஆராய்ந்து பார்த்தவர் இல்லை. இவையெல்லாம் 2024 செப்டம்பரில் நடந்த பகிரங்க விசாரணையிலும் அதன்பின் வந்த அறிக்கைகளிலும் தெளிவாயின. தவிர்த்திருக்கக்கூடிய விபத்து என்று 2025 ஆகஸ்டில் அமெரிக்கக் கடலோரக் காவல்படை முடிவுரைத்தது. 2023இல் தட்டொலிக்காகக் காதைத் தீட்டிய கோடிப் பேரில் எத்தனை பேர் அந்த அறிக்கையைப் பார்த்திருப்பார்கள்?

7

எஸ்-4, தீட்டிஸ், கூர்ஸ்க், சான் ஹுவான் எல்லாவற்றிலும் இருந்தவர்கள் கட்டளைப்படியோ கூலிக்கோ இறங்கியவர்கள். அவர்களுக்காகக் கேள்வி கேட்கும் உரிமை தமக்கு உண்டென்று மக்கள் உணர்ந்தார்கள். டைட்டனில் இருந்தவர்களோ பணம் கொடுத்தோ தம் விருப்பத்தாலோ இறங்கியவர்கள். ஆகவே அவர்கள் யாருடையவர்களும் அல்லர் என்ற எண்ணம் எளிதில் வந்தது. யாருடையவர்களும் அல்லாதவர்களைப் பற்றிப் பதறவும் சிரிக்கவும் முடிகிறது. கேள்வி கேட்கத்தான் தோன்றுவதில்லை. அத்ரியானாவில் இருந்தவர்களும் நேர் எதிரான காரணத்தால் அதே இடத்தில்தான் வைக்கப்பட்டார்கள். அவர்கள் விஷயத்தில், பிழைத்தவர்களும் குடும்பங்களும் விடாமல் கேட்டதன் பின்னரே, 2025 மே மாதத்தில் கிரேக்கக் காவல்படையினர் 17 பேர் மீது குற்றச்சாட்டு பதிவாயிற்று.

பிராணவாயுக் கடிகாரம் நம்மைக் கட்டிப்போடுகிறது. ஏனெனில் அது முடிவுறும் ஒரு கதையைத் தருகிறது. 96 மணிகள் முடிந்தால் நாம் எழுந்து போய்விடலாம். ஆனால் இந்த வரலாற்றில் எவராவது காப்பாற்றப்பட்டிருக்கிறார்கள் என்றால், அவர்களைக் காப்பாற்றியது கடிகாரம் நின்றபின் தொடங்கிய வேலைதான். தூசி தட்டப்பட்ட ஒரு கோப்பு, மறுக்கப்பட்ட ஓர் ஆவணத்துக்காக நடந்த வழக்கு, பெயர்ப் பட்டியலுக்காகக் கொடுக்கப்பட்ட காசு ஆகியவை எவருக்கும் பரபரப்பூட்டுபவை அல்ல. எனினும் 1939இன் 33 பேரும் 2005இன் ஏழு பேரும் அவற்றின் வழியாகத்தான் மேலே வந்தார்கள்.